கஸ்தூரிக்கு ஒன்றும் வராது என்று சொன்னேன்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஊசி போடவோ ரத்த அழுத்தம் பார்க்கவோ நான் சொல்லித்தரப் போவதில்லை. அதையெல்லாம் என்னைவிட நன்றாகவே செய்வீர்கள். முப்பத்தொரு வருடம் நர்ஸாக இருந்ததில் நான் செய்த ஒரு தவறைப் பற்றித்தான் சொல்ல நினைக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு பாராட்டு வாங்கிய நாட்கள் எத்தனையோ நினைவுக்கு வருகின்றன. அவற்றால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

கடைசி எட்டு வருடம் மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தேன். முப்பது வயது தாண்டியவர்களுக்குச் சர்க்கரை, பிரஷர் பார்க்க வேண்டும். புற்றுநோய்க்கான அறிகுறி இருக்கிறதா என்று வாயைச் சோதிக்க வேண்டும், பெண்களுக்கு மார்பகத்தையும் கருப்பை வாயையும் சோதிக்க வேண்டும். பார்த்ததை டேப்லெட்டில் பதிய வேண்டும். இதுபோக ஊர் ஊராகப் போய்ப் பேசவும் வேண்டும்.

எனக்குப் பேச்சு நன்றாக வரும். நகரத்து வாழ்க்கை நம் உடம்பை என்ன செய்கிறது என்பதுதான் என் பேச்சு. நாள் முழுக்க உட்கார்ந்தே பார்க்கிற வேலை, பாக்கெட் தீனி, பாட்டில் பானம், சிகரெட், உதட்டுக்குள் அதக்குகிற புகையிலை, குடி, நேரம் தவறிய சாப்பாடு, கெட்டுப்போன தூக்கம், கூடிக்கொண்டே போகும் எடை. “ஈசிஆர் ரோடு போட்டாங்க, மெட்ராஸ்ல இருக்கிற எல்லா கெட்ட பழக்கமும் பஸ் ஏறி நம்மூர் ஸ்டாப்பிங்ல வந்து எறங்கிடுச்சு” என்பேன். கூட்டம் சிரிக்கும். நான் சொன்னது எதுவும் பொய்யில்லை. அந்தப் பழக்கங்கள் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுபவைதான். ஆனால் அதைக் கேட்டுவிட்டு ஒருத்தி என்ன புரிந்துகொண்டு வீட்டுக்குப் போவாள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

ஒரு மாசி மாதத்துக் காலையில் கஸ்தூரி தன் தம்பியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. பத்தொன்பது வயதிலிருந்து உப்பளத்தில் வேலை. வெயிலில் காய்ந்து கறுத்த, ஒடிசலான, பலமான உடம்பு. தம்பி செந்திலுக்கு முப்பத்து மூன்று. சென்னையில் ஒன்பது வருடம் வாடகைக் கார் ஓட்டிவிட்டு, பெண்டாட்டியோடு ஊருக்குத் திரும்பியிருந்தான். சட்டை பட்டன் வயிற்றில் இழுத்துக்கொண்டு நின்றது.

“சிஸ்டர், இவன கொஞ்சம் நல்லா பாருங்க. மெட்ராஸ் போயி ஆளே கெட்டுட்டான்” என்றாள்.

“சும்மா இருக்கா, எனக்கு ஒண்ணும் இல்ல” என்றான் அவன்.

நான் வாயைத் திறக்கச் சொன்னேன். கீழுதட்டை விரலால் மடக்கிப் பார்த்தபோது, ஈறுக்குக் கீழே பெருவிரல் நகம் அளவுக்கு வெள்ளையாக ஒரு திட்டு இருந்தது. தோல் சுருங்கித் தடித்திருந்தது.

“எத்தன வருஷமா புகையிலை வைக்கிற?”

“ஆறு வருஷம் இருக்கும் சிஸ்டர். வண்டி ஓட்டும்போது தூக்கம் வராம இருக்கத்தான். ஏர்போர்ட் சவாரின்னா பதினாலு மணி நேரம்கூட சீட்ட விட்டு எறங்க மாட்டேன். பரோட்டா, கூல்டிரிங்ஸ், இந்த பொட்டலம். அவ்ளோதான் என் பொழப்பு.”

நாக்கால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “கேன்சரா சிஸ்டர்?” என்று கேட்டான்.

“அது டாக்டர் பார்த்துத்தான் சொல்லணும். ஆனா இத நீ விடலன்னா ஒருநாள் அதுவா மாறலாம்” என்றேன். பிறகு முக்கால் மணி நேரம் விடவில்லை. என் பேச்சு முழுவதையும் அவன் ஒருவனுக்காகப் பேசினேன். பல் டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த கஸ்தூரி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினாள்.

கிளம்பும்போது கதவருகே நின்று, “சிஸ்டர், எனக்கும் எதனா பாக்கணுமா? முப்பது வயசுக்கு மேல எல்லாரும் பாக்கணும்னு போர்டுல போட்டிருக்குதே” என்று கேட்டாள்.

வெளியே வரிசை வாசல் வரை நின்றது. நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

“உனக்கு என்ன கஸ்தூரி? காலைல எழுந்து கூழ் குடிச்சிட்டு வெயில்ல வேல பாக்குற. உடம்புல ஒரு கிராம் கொழுப்பு இல்ல. இந்த மெட்ராஸ் நோயெல்லாம் உங்கிட்ட வராது” என்றேன்.

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். கையில் பிரஷர் மட்டும் பார்த்து அனுப்பினேன். டேப்லெட்டில் அவள் பெயரைப் போட்டபோது மற்றக் கேள்விகள் வரிசையாக வந்தன. நிரப்பாமல் விட்டால் அடுத்த ஆளுக்குப் போக முடியாது. வாய், இயல்பு. மார்பகம், இயல்பு. விரலால் தட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

செந்திலின் திட்டிலிருந்து கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்றுநோய் இல்லை, ஆனால் புகையிலையைக் கட்டாயம் விட வேண்டும் என்றார்கள். விட்டான். சுலபமாக இல்லை. முதல் வாரம் தலைவலி, எரிச்சல், வீட்டில் சண்டை. இருபதாவது நாள் பழைய சிநேகிதர்கள் காரில் வந்து கடற்கரையில் உட்கார்ந்தபோது மறுபடியும் ஒரு பொட்டலம் வைத்துவிட்டான். மறுநாள் தானாகவே என்னிடம் வந்து சொன்னான். திட்டுவேன் என்று எதிர்பார்த்து நின்றான். எனக்கும் வாய் வரை வந்தது. ஆனால் தானே வந்து சொல்கிறவனைத் திட்டி அனுப்பினால் அடுத்த தடவை மறைப்பான். “இருவது நாள் இருந்தவனுக்கு இருவத்தோராவது நாள் முடியாதா?” என்று மட்டும் கேட்டேன். அதற்குப் பிறகு அவன் தொடவில்லை. கிராம்பும் ஏலக்காயும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றினான். மீன் ஏற்றிப் போகும் வேன் ஒன்றில் பகல் வேலைக்குச் சேர்ந்தான். பெட்டி ஏற்றி இறக்குவதில் தொப்பை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

ஆடி மாதம் அவன் வந்தபோது உதட்டை மடக்கிப் பார்த்தேன். வெள்ளைத் திட்டு இருந்த இடம் மற்ற இடம்போலவே சிவப்பாக இருந்தது. கண்ணாடியைக் கொடுத்து அவனையே பார்க்கச் சொன்னேன். இரண்டு பேருக்கும் சந்தோஷம். என் பேச்சுக்குக் கிடைத்த வெற்றி என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தவன் போகாமல் நின்றான்.

“சிஸ்டர், ஒண்ணு கேக்கணும். அக்காவுக்கு மார்ல ஏதோ கட்டி மாதிரி இருக்குதாம். என் ஊட்டுக்காரிகிட்ட சொல்லியிருக்குது. மூணு மாசமா இருக்குதாம்.”

“மூணு மாசமாவா? ஏன் வரல?”

“வான்னுதான் கூப்புட்டோம். ‘கூழ் குடிக்கிற உடம்புக்கு எதுவும் வராதுன்னு சிஸ்டரே சொல்லிட்டாங்க, சும்மா இருங்க’ன்னு சொல்லிட்டுது.”

அவனிடம் எதுவும் காட்டிக்கொள்ளாமல், “சரி, நான் பாக்குறேன்” என்று அனுப்பினேன்.

அப்போது எங்கள் நிலையத்தில் இருந்த லேடி டாக்டர் என் மகளைவிடச் சின்னவர். படிப்பை முடித்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவரிடம் போய், உப்பளத்தில் ஒரு பெண்ணுக்குக் கட்டி இருப்பதாகத் தகவல் என்று மட்டும் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரில் பெயரைத் தேடினார்.

“மாசி மாசம் பாத்திருக்கீங்களே சிஸ்டர். மார்பகம் இயல்புன்னு இருக்குதே?”

அந்த நிமிடத்தில் சொல்வதற்குச் சுலபமான பதில் ஒன்று என்னிடம் இருந்தது. அப்போது இல்லை, இப்போது வந்திருக்கலாம் என்று சொல்லியிருந்தால் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். ஒருவேளை அது உண்மையாகக்கூட இருந்திருக்கும். அந்தப் பதில் நாக்கு நுனியில்தான் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அதோடு என் வேலை முடிந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். சம்பளம் வந்துகொண்டிருக்கும், ஆனால் நர்ஸாக இருந்திருக்க மாட்டேன்.

“நான் பாக்கல டாக்டர். பாக்காமலே போட்டேன்” என்றேன். கதவருகே நின்று அவள் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

“இத எழுதிக் குடுங்க, மேல அனுப்பணும். அது அப்புறம். இப்ப அவங்கள யாரு கூட்டிட்டு வர்றது?”

“ஊர்ல நமக்கு வேல பாக்குற ஹெல்த் வாலண்டியர் பொண்ண அனுப்பட்டுமா?”

“அவங்க சொன்னா வருவாங்களா சிஸ்டர்? வராதுன்னு சொன்னது நீங்க. அந்த வார்த்தைய நீங்க போய்த்தான் திரும்ப வாங்கணும்.”

வரிசையில் இருந்தவர்களை இன்னொரு நர்ஸிடம் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். உப்பு வாரும் பருவம். பாத்தி வரப்பில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். வெள்ளை வெளிச்சத்தில் கண் திறக்க முடியவில்லை. கஸ்தூரி நீளக் கம்பு கட்டிய பலகையால் உப்பை இழுத்துக் கரையில் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

“இன்னா சிஸ்டர், இந்த வெயில்ல? உப்பு வோணுமா?”

ஆட்டோவில் வரும்போது ஒரு பொய்யைத் தயாரித்து வைத்திருந்தேன். எல்லாருக்கும் ஒரு சாதாரண செக்கப், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று. அவள் சிரிப்பைப் பார்த்ததும் அது வாயில் வரவில்லை.

“செந்தில் சொன்னான். கட்டி இருக்குதாமே.”

அவள் முகம் மாறியது. பக்கத்துப் பாத்தியில் இருந்தவர்கள் காதில் விழுந்ததா என்று திரும்பிப் பார்த்தாள்.

“அவனுக்கு வேற வேல இல்ல. உப்பு சொமக்குறதுல நரம்பு சுருண்டிருக்கும். வலிகூட இல்லைங்க.”

“வலி இல்லன்னாலும் பாக்கணும்.”

“எனக்கு எதுக்கு சிஸ்டர் அந்த நோயி வரணும்? பாக்கெட் தீனி தின்னது இல்ல. வெத்தல பாக்குகூட போட்டது இல்ல. கெட்ட பழக்கம் இருக்கிறவங்களுக்குத்தானே வரும்? நீங்கதானே மைக்ல சொன்னீங்க?” பலகையைக் கீழே வைத்தாள். குரல் இறங்கிவிட்டது. “எனக்கு வந்திருக்குதுன்னு தெரிஞ்சா ஊர்ல என்னா பேசுவாங்க? இவ என்ன பண்ணாளோன்னுதானே நெனைப்பாங்க?”

நான் இத்தனை வருடம் கூட்டம் கூட்டமாகச் சிரிக்கவைத்துப் பேசியதன் மறுபக்கம் அங்கே நின்றுகொண்டிருந்தது. நல்ல பழக்கம் உள்ளவளுக்கு நோய் வராது என்றால், நோய் வந்தவள் ஏதோ தப்புச் செய்தவள் என்றுதானே அர்த்தம். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அப்படித்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

“கஸ்தூரி, நான் தப்பா சொல்லிட்டேன்” என்றேன். “அந்த பழக்கமெல்லாம் இருந்தா நோய் வர்ற வாய்ப்பு ஜாஸ்தி. இல்லன்னா கம்மி. வரவே வராதுன்னு யாருக்கும் சொல்ல முடியாது. வந்தா அது யார் தப்பும் இல்ல. அன்னிக்கு நீ கேட்ட. நான் எழுந்து உன்ன பாத்திருக்கணும். பாக்கல. பாத்த மாதிரி எழுதியும் வெச்சிட்டேன்.”

அவள் என்னையே பார்த்தாள். கோபமா, பயமா என்று எனக்குப் புரியவில்லை.

“இப்ப இது கேன்சரா?”

“தெரியல. நிறைய கட்டிங்க கேன்சரா இருக்காது. ஆனா பாக்காம நான் இனிமே எதையும் சொல்ல மாட்டேன்.”

அப்புறம் வாய்க்காலில் இறங்கிக் காலைக் கழுவினாள். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “மேஸ்திரிகிட்ட சொல்லிட்டு வர்றேன்” என்றாள்.

நிலையத்தில் சோதித்தபோது, இடது மார்பில் கொண்டைக்கடலையைவிடக் கொஞ்சம் பெரிதாக, கெட்டியாக இருந்தது. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்காமல் சீட்டு எழுதினார். அன்று மதியமே செந்தில் அவளைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போனான். படம் எடுத்தார்கள். ஊசி வழியாகச் சதை எடுத்தார்கள். பதினொரு நாள் கழித்து முடிவு வந்தது. புற்றுநோய்தான். ஆனால் ஆரம்ப நிலை. அக்குளுக்குப் பரவவில்லை.

கஸ்தூரி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் நிலையத்துக்கு வந்தாள். டாக்டர் எதிரில் உட்கார்ந்து, “ஏன் டாக்டரம்மா எனக்கு?” என்று கேட்டாள்.

“உங்களுக்கு இதனாலதான்னு ஒண்ண காட்ட எனக்குத் தெரியாதுங்க” என்றார் அந்தச் சின்னப் பெண். “வயசு ஒரு காரணம். பொம்பளையா பொறந்ததே ஒரு காரணம். உடம்புக்குள்ள நமக்குத் தெரியாம நடக்கிறதும் நிறைய இருக்குது.”

“அப்ப என் தம்பி அத்தனையும் விட்டானே, அது வீணா?”

டாக்டர், “அவர் வாய்ல இருந்தது போயிடுச்சே, நீங்களே பாத்தீங்களே” என்றார். “அவரால விட முடிஞ்சத அவர் விட்டாரு. உங்களால சீக்கிரம் வர முடிஞ்சுது, வந்துட்டீங்க. ரெண்டுமே வேணும்.”

கஸ்தூரி யோசித்தாள். “உப்பு குமிச்சு வெச்சா ஓலை போட்டு மூடுறோம். மூடினாலும் மழை பெருசா வந்தா கொஞ்சம் கரையத்தான் செய்யுது. அதுக்காக மூடாம வுட முடியுமா?” என்றாள். பிறகு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “எப்ப ஆபரேசன்?” என்று கேட்டாள்.

ஆபரேஷன் நடந்தது. பிறகு மருந்து ஏற்றினார்கள், கதிர்வீச்சு கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் செந்தில் மீன் வேனைக் கழுவி, முன் சீட்டில் போர்வை விரித்து அக்காவை உட்காரவைத்து ஓட்டிப்போனான். முடி கொட்டியபோது கஸ்தூரி இரண்டு வாரம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. பிறகு உப்பளத்தில் கட்டும் துண்டையே தலையில் கட்டிக்கொண்டு கடைக்குப் போக ஆரம்பித்தாள். யாராவது கேட்டால், “கேன்சரு. வைத்தியம் நடக்குது” என்று நேராகச் சொல்வாள். கேட்டவர்கள்தான் தடுமாறுவார்கள். அவள் பயந்ததுபோல ஊர் பேசியதா என்றால், இரண்டு பேர் பேசினார்கள். மற்றவர்கள் மீன் குழம்பு கொடுத்தனுப்பினார்கள்.

என் எழுத்துமூல விளக்கத்துக்கு மேலிடத்திலிருந்து கண்டிப்பு வந்தது. நியாயம்தான். அதைவிடக் கஷ்டமாக இருந்தது வேறு ஒன்று. அந்த வருடம் நான் ‘இயல்பு’ என்று போட்ட பெண்களில் யார் யாரை உண்மையில் பார்த்தேன் என்று எனக்கே உறுதியில்லை. டாக்டரும் நானும் பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் அத்தனை பேரையும் மறுபடி கூப்பிட்டோம். இரண்டு மாதம் ஆயிற்று. வேறு யாருக்கும் எதுவும் இல்லை. அந்த இரண்டு மாதமும் நான் எப்படிச் சாப்பிட்டேன், தூங்கினேன் என்று கேட்காதீர்கள்.

உங்களுக்கும் டேப்லெட் கொடுப்பார்கள். வாசல் வரை வரிசை நிற்கும். ஒல்லியாக, உழைத்து உரமேறிய உடம்போடு ஒருத்தி வருவாள், பார்த்தாலே ஆரோக்கியம் தெரியும். அவளையும் பாருங்கள். வயிறு பெருத்து, புகையிலை வாசனையோடு ஒருவன் வருவான். அவனிடம் தீர்ப்புச் சொல்லாதீர்கள், அவனால் விட முடியும். பழக்கத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்தச் சொல்லவில்லை. நானும் நிறுத்தவில்லை. யார் யார் பயப்பட வேண்டும் என்று பிரித்துப் பேசுவதைத்தான் நிறுத்தினேன்.

சிகிச்சை முடிந்து ஒன்றரை வருடம் கழித்து, பக்கத்து ஊரான கூனிமேட்டில் பெண்களுக்கு ஒரு முகாம் போட்டோம். கஸ்தூரி அப்போது உப்பு மூட்டை தைக்கும் இடத்தில், எடை தூக்காத வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள். ஒரு வீட்டு முன்னறையில் இருபது பெண்களுக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளறைக்குத் திரை கட்டி, சோதிப்பதற்கு மேஜை போட்டிருந்தோம். நான் பேசத் தொடங்குவதற்குள் அந்த வீட்டுக்காரி மெஹருன்னிசா முந்திக்கொண்டாள்.

“நமக்கெல்லாம் எதுக்குங்க சிஸ்டர்? எங்க ஊட்டுக்காரரு துபாய்ல இருக்காரு. கண்ட நேரத்துல கண்டத சாப்புடுறவரு அவருதான், அவர வேணா பாக்கணும். நாங்க வெளிய போறதும் இல்ல, கடைல சாப்புடுறதும் இல்ல. எங்களுக்கு அல்லாஹ் இருக்கான்.”

எல்லாரும் ஆமாம் என்றார்கள். ஒருத்திகூட எழவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த கஸ்தூரி எழுந்து வந்து மெஹருன்னிசா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“நானும் உங்கள மாதிரியேதாங்க சொன்னேன்” என்றாள். மெஹருன்னிசாவின் கையை எடுத்துத் தன் இடது பக்கம், ரவிக்கைக்கு மேலாக, தழும்பு இருக்கும் இடத்தில் வைத்தாள். “இங்கதான் இருந்துது. மூணு மாசம் சும்மா இருந்தேன். இன்னும் இருந்திருந்தா இப்ப உங்ககிட்ட பேசிட்டிருக்க மாட்டேன். வாங்க, நானும் கூட உள்ள வர்றேன்.”

மெஹருன்னிசா கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். இரண்டு பேரும் திரைக்குப் பின்னால் போனார்கள். நான் கையைக் கழுவிக்கொண்டு பின்னால் போனேன். அவசரப்படாமல், ஒவ்வோர் இடமாக, முழுதாகப் பார்த்தேன்.

“இப்போதைக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அடுத்த தடவையும் வரணும்” என்றேன்.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றாள் மெஹருன்னிசா. வெளியே வந்தவள், உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, “இன்னாடி பாத்துட்டு இருக்கீங்க? ஒவ்வொருத்தரா உள்ள போங்க” என்று அதட்டினாள். அதோடு நிற்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி, எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

அன்று சாயங்காலத்துக்குள் நாற்பத்தொரு பெண்களைப் பார்த்தோம். என் பேச்சை நான் பேசவே இல்லை.